குர்ஆன் பெயர் சொல்லாதவர்களுக்கு நாம் பெயர் சூட்டலாமா?

வெள்ளி இரவிலும் வெள்ளிப் பகலிலும் நம் வீடுகளில் ஸூரத்துல் கஹ்பு ஓதப்படுகிறது. நூற்றுப் பத்து ஆயத்துகள் கொண்ட இந்த ஸூராவில் அல்லாஹுத் தஆலா நான்கு வரலாறுகளை எடுத்துரைக்கின்றான். குகையில் துயின்ற வாலிபர்கள். இரண்டு தோட்டங்களுக்குச் சொந்தக்காரனும் அவனுடைய தோழனும். மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களும் அவர்கள் தேடிச் சென்ற நல்லடியாரும். மேற்கும் கிழக்கும் சென்று இறுதியில் இரும்புத் தடுப்பைக் கட்டிய துல்கர்னைன். இந்த நான்கு வரலாறுகளிலும் இயற்பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட மனிதர் மூஸா (அலை) அவர்கள் ஒருவரே. துல்கர்னைன் என்பது பெயரன்று. ‘இரு கொம்புடையவர்’ என்றோ ‘இரு தலைமுறை கண்டவர்’ என்றோ பொருள் கொள்ளத்தக்க பட்டம். வாலிபர்களுக்குப் பெயரில்லை. அவர்களுடைய ஊருக்குப் பெயரில்லை. அவர்களைத் துரத்திய அரசனுக்கும் பெயரில்லை.

ஆனால் ஓதி முடித்துக் குர்ஆனை உறையில் இட்டு வைத்தவுடன், நம் பேச்சில் எல்லாருக்கும் பெயர் வந்துவிடுகிறது. துல்கர்னைன் என்றால் ஸிகந்தர் பாதுஷா. கடலில் மூழ்கிய பிர்அவ்ன் என்றால் எகிப்தில் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் இரண்டாம் ரமஸேஸ். குகைவாசிகள் என்றால் யம்லீகா, மக்ஸல்மீனா என்று தொடங்கும் பட்டியல். அவர்களுடைய நாய்க்குக் கூட கித்மீர் என்று பெயர். அந்தப் பெயர்களைச் சட்டம் போட்டு வாசல் நிலைக்கு மேல் மாட்டியிருக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு.

இறைவன் பெயர் சொல்லாமல் விட்ட இடத்தில் அடியான் பெயர் சொல்லலாமா? சொன்னால் எந்த அளவுக்குச் சொல்லலாம்? இது வெறும் சரித்திர ஆராய்ச்சியாளர்களின் கேள்வி என்று நினைத்து ஒதுக்கிவிட முடியாது. நம் பிள்ளைகளின் ஈமானோடு தொடர்புடைய கேள்வி இது என்பதைக் கீழே காண்போம்.

தேடுவதே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஸஹாபாக்கள் தேடியிருக்கிறார்கள். ஸூரத்துத் தஹ்ரீமில் இரு பெண்மணிகளைப் பற்றிய குறிப்பு வருகிறது. அவர்கள் யார் என்பதை உமர் (ரலி) அவர்களிடம் கேட்டறிய வேண்டும் என்ற ஆசையோடு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓராண்டு காலம் காத்திருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மீதிருந்த அச்சங்கலந்த மரியாதையினால் வாய் திறக்கவில்லை. ஹஜ்ஜுப் பயணம் ஒன்றில்தான் தருணம் வாய்த்தது. கேட்டார்கள். ஆயிஷாவும் ஹப்ஸாவும்தான் என்று விடை கிடைத்தது. இதனை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஹிஜ்ரத் புறப்பட்டு வழியிலேயே மௌத்தாகிவிட்ட ஒருவரைப் பற்றி ஸூரத்துன் நிஸாவில் பெயரின்றி வருகிறது. அவர் பெயரை அறிவதற்காகத் தாம் பதினான்கு ஆண்டுகள் முயன்றதாக இக்ரிமா (ரஹ்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். பிற்காலத்தில் இமாம் ஸுஹைலி (ரஹ்) அவர்கள் இதற்கென்றே ஒரு கிதாபு எழுதினார்கள். இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களும் எழுதினார்கள். ‘முப்ஹமாத்’ என்று இக்கலைக்குப் பெயர். பெயர் மறைக்கப்பட்டவற்றை அறியும் கலை என்பது இதன் கருத்து.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் யாரிடம் போய்க் கேட்டார்கள்? அந்த நிகழ்ச்சி நடந்த காலத்தில், அந்த ஊரில், அந்த வீட்டோடு தொடர்புடையவரிடம் கேட்டார்கள். இக்ரிமா (ரஹ்) அவர்கள் தேடியதும் ஒரே தலைமுறைக்கு முன்னால் நடந்த செய்தியை. கண்ட சாட்சியைத் தேடிச் சென்ற தேட்டம் அது. மூஸா (அலை) அவர்கள் சந்தித்த நல்லடியார் களிர் (அலை) என்று நாம் உறுதியோடு சொல்வதும் இவ்வாறே. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வாயிலாக ஸஹீஹான ஹதீஸில் அப்பெயர் வந்திருக்கிறது. வஹீயின் சாட்சி அது. ஆயிரம், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் அரசனைப் பற்றி, அவனைக் காணாத நாம், அவனைக் காணாத இன்னொருவர் எழுதியதைக் கொண்டு சொல்வது வேறு வகை. அதற்குப் பெயர் இல்ம் அன்று, யூகம். யூகம் கெட்டது என்று சொல்லவில்லை. யூகத்தை யூகம் என்று அழைக்க வேண்டும் என்கிறோம்.

அறியாததை அறியேன் என்று சொல்வதில் நமக்கெல்லாம் முன்மாதிரி நாயகம் (ஸல்) அவர்களேதான். துல்கர்னைன் நபியாக இருந்தாரா இல்லையா என்பதைத் தாம் அறியவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக இமாம் ஹாகிம் (ரஹ்) அவர்கள் தம் முஸ்தத்ரக்கில் ஓர் அறிவிப்பைப் பதிவு செய்துள்ளார்கள். ‘துப்பஃ’ என்னும் யமன் அரசனைப் பற்றியும், உஸைர் அவர்களைப் பற்றியும் இதே போன்ற ஒரு சொல் அபூதாவூதில் வந்திருக்கிறது. யாருக்கு வஹீ இறங்கியதோ அவர்களே நின்ற இடத்தில், மேடை ஏறிய நாம் மட்டும் நிற்காமல் ஓடுகிறோம்.

இனி துல்கர்னைனைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் இவ்விஷயத்தில் நம் முன்னோர் செய்த ஆராய்ச்சியும், அவர்கள் இடறிய இடங்களும் இரண்டுமே படிப்பினைக்குரியவை.

ஸிகந்தர் என்னும் மகா அலெக்ஸாந்தர்தான் துல்கர்னைன் என்பது நெடுங்காலமாக மக்களிடம் பரவியுள்ள கருத்து. பாரசீகத்தில் பிர்தவ்ஸியும் நிஜாமியும் ஸிகந்தர் கதையைக் காவியமாக்கினார்கள். கடல் கடந்து மலாய் நாட்டிலும் ‘இஸ்கந்தர் துல்கர்னைன்’ கதை பரவி, மலாக்கா அரச பரம்பரையே தன்னை அவருடைய வழித்தோன்றல் என்று கூறிக்கொண்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்துப் பிழைத்த நம்மவர்கள் இந்தக் கதையை அங்கும் கேட்டிருப்பார்கள். இமாம் பக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்களும் தம் பெரும் தப்ஸீரில் இக்கருத்தின் பக்கமே சாய்கிறார்கள். உலகின் இரு கோடிகளையும் ஆண்ட அப்படிப்பட்ட ஓர் அரசர் சரித்திரத்தில் மறைந்திருக்க முடியாது. சரித்திரம் அறிந்த அத்தகைய அரசர் ஸிகந்தரே என்பது அவர்களுடைய வாதம். நம் காலத்தை ஒட்டி அப்துல்லாஹ் யூசுப் அலி அவர்களும் தம் ஆங்கில மொழிபெயர்ப்பின் அனுபந்தத்தில் இக்கருத்தையே ஆதரித்து எழுதினார்கள். ஸிகந்தரின் மறைவுக்குப் பின் அவருடைய தளபதிகளில் ஒருவர் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் ஸிகந்தரின் தலையில் ஆட்டுக்கடாவின் கொம்பு பொறிக்கப்பட்டிருப்பது இதற்கு வலுவூட்டுவதாகத் தோன்றும்.

தோன்றும் என்றுதான் சொல்ல முடியும். அந்தக் கொம்பு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் விவகாரம் தலைகீழாகிறது. கி.மு. 331ல் எகிப்தின் ஸீவா பாலைவனச் சோலையிலிருந்த அம்மோன் என்னும் தெய்வத்தின் கோயிலுக்கு ஸிகந்தர் சென்றார். அங்கே அவர் அந்தத் தெய்வத்தின் மகன் என்று வரவேற்கப்பட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த அம்மோனின் சின்னமே ஆட்டுக்கடாவின் கொம்பு! ஷிர்க்கின் அடையாளத்தை எடுத்துத் திருக்குர்ஆன் போற்றும் ஒரு நல்லடியாரின் பட்டத்துக்கு விளக்கமாகக் கொடுக்கலாமா? ஸிகந்தர் தம் வாழ்நாள் முழுதும் கிரேக்கர்களின் பல தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர். கி.மு. 323ல் பாபிலோனில் முப்பத்து மூன்று வயது நிறைவதற்குள் இறந்தார். இரும்புப் பாளங்களால் தடுப்புக் கட்டியதாக நம்பத்தக்க செய்தி ஒன்றும் இல்லை.

இமாம் ராஸி (ரஹ்) அவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஸிகந்தர் அரிஸ்டாட்டிலின் மாணவர், ஆசிரியரின் கொள்கை வழியிலேயே இருந்தவர், அப்படியானால் குர்ஆன் அவரைப் புகழ்வது எங்ஙனம் பொருந்தும் என்ற பலமான ஆட்சேபணையைத் தம் கருத்தைச் சொன்ன இடத்திலேயே அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களின் நேர்மையைப் பாருங்கள். தம் கட்சிக்கு எதிரான சாட்சியைத் தாமே அழைத்து வந்து நிறுத்துகிறார்கள். நாம் ராஸி (ரஹ்) அவர்களின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் கூடவே வைத்த ஆட்சேபணையை விட்டுவிட்டோம்.

இப்னு தைமிய்யா, இப்னு கஸீர் (ரஹ்) ஆகிய இருவரும் மக்கதோனியா நாட்டு ஸிகந்தர் வேறு, துல்கர்னைன் வேறு என்று அழுத்தமாகவே எழுதினார்கள். இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் துல்கர்னைனை இப்ராஹீம் (அலை) அவர்களின் காலத்தவராகக் கொண்டார்கள். அல்பிரூனி அவர்கள் வேறொரு வழியில் சென்றார்கள். ‘து’ என்று தொடங்கும் பட்டங்கள் யமன் நாட்டு ஹிம்யர் அரசர்களுக்கே உரியவை என்பதைக் கொண்டு, அவ்வம்சத்து அரசர் ஒருவராக இருக்கலாம் என்றார்கள். ஸர் ஸையித் அஹ்மத் கானோ பெருஞ்சுவர் கட்டிய சீனப் பேரரசரைச் சுட்டினார். (சீனச் சுவர் மண்ணும் கல்லும் செங்கல்லுமாகக் கட்டியது, குர்ஆன் சொல்வதோ இரும்பும் உருக்கிய செம்பும். இக்கருத்தைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.)

இந்திய உலமாக்களின் பங்களிப்பில் தலையாயது மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களுடையது. 1936ல் வெளிவந்த தர்ஜுமானுல் குர்ஆனின் இரண்டாம் பாகத்தில், துல்கர்னைன் என்பவர் பாரசீகப் பேரரசை நிறுவிய கோரேஷ் என்னும் ஸைரஸ் என்று அவர்கள் நிலைநாட்ட முயன்றார்கள். அவர்களுடைய வாதம் வெறும் பெயரொற்றுமையின் மேல் நிற்பதன்று. துல்கர்னைனைப் பற்றிய கேள்வி யூதர்களின் தூண்டுதலால் எழுந்தது என்பது ரிவாயத்து. அப்படியானால் யூதர்களின் வேதத்தில் இரு கொம்புடையவர் யார்? தானியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு கனவு வருகிறது. இரு கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்று. அது மேதியா, பாரசீக அரசர்களைக் குறிப்பதாக அங்கேயே விளக்கமும் இருக்கிறது. அதே கனவில் கிரேக்க அரசு, கண்களுக்கு நடுவே ஒரே கொம்புள்ள வெள்ளாட்டுக்கடாவாக வந்து இதனை முட்டி வீழ்த்துகிறது. ஆக, யூதர்களின் கண்ணோட்டத்தில் ஸிகந்தர் ஒற்றைக் கொம்பன். பாரசீகனே இரட்டைக் கொம்பன். இது அழகான பிடி என்பதில் ஐயமில்லை. கோரேஷ் கி.மு. 539ல் பாபிலோனைக் கைப்பற்றி, அங்கே சிறைப்பட்டிருந்த யூதர்கள் தாயகம் திரும்ப வழிவிட்டவர் என்பதும், மேற்கே லிதியா நாட்டை வென்று ஆசியா மைனரின் கடற்கரை வரை ஆண்டவர் என்பதும் சரித்திரம் ஒப்புக்கொண்டவை. ஈரானிலுள்ள அவருடைய பழந்தலைநகர் பஸர்கதேயில் கொம்புகளின் மேல் அமைந்த கிரீடம் தரித்த உருவம் ஒன்று கல்லில் செதுக்கப்பட்டிருப்பதையும் ஆஸாத் அவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள். மௌலானா மௌதூதி அவர்களும் தம் தப்ஸீரில் இக்கருத்துக்கே மற்றவற்றைவிட அதிக இடமிருப்பதாகவும், ஆயினும் இன்னும் சான்று தேவை என்றும் எழுதினார்கள்.

வந்த யூகங்களுள் ஆஸாத் அவர்களுடையதே வலுவானது என்பது அடியேனின் கருத்தும். ஆயினும் அதுவும் யூகமே. பஸர்கதே உருவத்துக்கு நான்கு இறக்கைகள் உண்டு. அது கோரேஷின் உருவமன்று, வாசற்காவல் தேவதையின் உருவம் என்று கருதும் ஆய்வாளர் பலர். குர்ஆனில் மூன்றாவது பயணத்தின் திசையே சொல்லப்படவில்லை. வடக்கு என்பது முபஸ்ஸிரீன்களின் விளக்கம். காக்கேசிய மலைக் கணவாயில் கோரேஷ் கட்டிய இரும்புத் தடுப்பு என்று காட்டத்தக்க எச்சம் எதுவும் கிடைத்ததில்லை. அங்கே தர்பந்தில் இன்றும் நிற்கும் புகழ்பெற்ற மதிலோ கல்லால் ஆனது; கோரேஷுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஸாஸானியர் எழுப்பியது.

எல்லாவற்றிலும் பெரிய இடைஞ்சல் ஒரு களிமண் உருளை. 1879ல் பாபிலோன் இடிபாடுகளில் கண்டெடுக்கப்பட்டு இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோரேஷின் பெயரால் எழுதப்பட்ட அந்த வாசகத்தில், பாபிலோனின் தெய்வமான மர்தூக் தன்னைத் தேர்ந்தெடுத்ததாகவும், தான் அத்தெய்வத்தை வணங்குவதாகவும் சொல்லப்படுகிறது. பாபிலோன் பூசாரிகள் தம் வழக்கப்படி அரசர் பெயரால் எழுதிக்கொண்டது, அதனால் அரசரின் உள்ளக் கொள்கை தெரியாது என்று ஆஸாத் அவர்களின் கட்சியார் பதில் கூறுவர். அது ஏற்கத்தக்க பதிலாகவும் இருக்கலாம். ஆனால், ஸிகந்தரை எந்தக் காரணத்தால் நீக்கினோமோ அதே காரணம் கோரேஷின் வாசலிலும் வந்து நிற்கிறது என்பதை மறைக்க முடியாது. ஒருவருக்கு ஒரு படி, இன்னொருவருக்கு ஒரு படி என்று அளக்கக் கூடாதல்லவா?

அப்பாஸிய கலீபா வாஸிக் (ஆட்சிக்காலம் 842–847) அவர்கள் இந்தத் தடுப்பு உடைந்துவிட்டதாகக் கனவு கண்டு, அதைப் பார்த்து வர ஸல்லாம் என்னும் மொழிபெயர்ப்பாளரைத் துணையாட்களோடு அனுப்பியதை இப்னு குர்தாத்பிஹ் எழுதி வைத்திருக்கிறார். தேடியவர்கள் நம்மைவிட ஆர்வத்தில் குறைந்தவர்கள் அல்லர் என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

சரி, யூகம் தவறினால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம்.

முழுகித்தான் போகிறது. நம் வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ அலெக்ஸாந்தரின் சரித்திரத்தைப் படிக்கிறான். ‘துல்கர்னைன் என்றால் ஸிகந்தர்’ என்று வீட்டில் கேட்ட சொல்லும், அவர் தெய்வ மகன் என்று கொண்டாடப்பட்டவர் என்று புத்தகத்தில் படித்த சொல்லும் அவன் மனத்தில் மோதுகின்றன. காரைக்காலைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் பிரான்சுத் தொடர்புள்ள குடும்பங்கள் பல. அங்கே வளரும் பிள்ளைகள் அருங்காட்சியகங்களில் இவற்றின் சின்னங்களை நேரிலேயே காண்கிறார்கள். மோதல் வரும்போது பிள்ளை எதைச் சந்தேகிப்பான்? ராஸியின் யூகத்தையா, ஆஸாதின் யூகத்தையா? அவனுக்கு அந்தப் பெயர்களே தெரியாதே! குர்ஆனைச் சந்தேகிப்பான். குர்ஆன் ஸிகந்தர் என்று சொல்லவே இல்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குர்ஆன் சொன்னதையும் நாம் சொன்னதையும் ஒரே குரலில், ஒரே பாத்திரத்தில் கலந்து ஊட்டிவிட்டோம். நம் சொல்லில் விழுந்த விரிசல் அவன் கண்ணுக்கு அல்லாஹ்வின் கலாமில் விழுந்த விரிசலாகத் தெரிகிறது. நம் யூகத்துக்கு அல்லாஹ்வின் கலாமைப் பிணையாக வைக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

பிர்அவ்ன் விஷயத்தில் இது இன்னும் மோசமான நிலைக்குப் போயிருக்கிறது. ஸூரத்து யூனுஸின் தொண்ணூற்றிரண்டாம் ஆயத்தில், பின்வருவோருக்கு அத்தாட்சியாக இருக்கும் பொருட்டு பிர்அவ்னுடைய உடலைக் காப்பாற்றுவதாக அல்லாஹ் கூறுகின்றான். இதைக் கொண்டு, கெய்ரோவிலுள்ள பதனிட்ட உடலின் படத்தைப் போட்டு, ‘கடலில் கண்டெடுக்கப்பட்ட பிர்அவ்னின் உடல்’ என்று அச்சிட்ட தாள்கள் எத்தனை! படத்தில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாம் ரமஸேஸ். கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்டு, ஏறத்தாழத் தொண்ணூறு வயதில் இறந்த கிழவர். அவருடைய உடல் கடலிலிருந்து எடுக்கப்பட்டதன்று. தீப்ஸ் நகருக்கு எதிரே மலைக்குகை ஒன்றில் பூசாரிகள் பல அரசர்களின் உடல்களோடு ஒளித்து வைத்திருந்த இடத்தில் 1881ல் வெளிப்பட்டது. 1976ல் பூஞ்சணம் பிடித்துக் கெட ஆரம்பித்ததால் பாரீஸுக்கு எடுத்துச் சென்று மருந்திட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 2021 ஏப்ரலில் வேறு இருபத்தொரு அரச உடல்களோடு ஊர்வலமாகக் கெய்ரோவின் புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள்.

பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகாய் அவர்களின் நூலை இதற்கு ஆதாரமாகச் சொல்வோர் பலர். அந்த நூல் 1976ல் வந்தது. அதில் அவர் மூழ்கிய பிர்அவ்னாகக் கருதுவது ரமஸேஸை அன்று, அவருடைய மகன் மெர்னப்தாவை! நூலில் ஒருவர், அதை ஆதாரம் காட்டும் தாளில் வேறொருவர். நூலைத் திறந்து பார்க்காமலே ஆதாரம் காட்டுகிறோம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? மெர்னப்தாவின் உடலும் 1898ல் இன்னொரு அரசரின் கல்லறையில் கிடைத்ததே. உடலில் உப்பு இருந்தது, அதுவே மூழ்கியதற்கு அத்தாட்சி என்பார்கள். எகிப்தியர் உடலைப் பதனிட்டதே நாத்ரன் என்னும் உப்பில் நாற்பது நாள் அளவில் புதைத்து வைத்துத்தான். அரசர்கள் எல்லாருடைய உடலிலும் உப்பு இருக்கும். மெர்னப்தா தம் ஐந்தாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு 1896ல் கிடைத்தது. அதில் ‘இஸ்ரவேல்’ என்னும் மக்கள் கன்ஆன் பகுதியில் வாழ்பவர்களாகவே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அவரையே மூழ்கிய பிர்அவ்னாகக் கொள்வோர் இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆயத்தின் பொருளுக்கு இந்தப் படங்கள் தேவையே இல்லை. பிர்அவ்ன் இறந்ததை பனீ இஸ்ராயீல் நம்ப மறுத்தார்கள். கடல் அவனுடைய உடலைக் கரையில் மேட்டில் எறிந்தது. எல்லாரும் கண்டார்கள் என்று முற்கால முபஸ்ஸிரீன்கள் விளக்கியிருக்கிறார்கள். 1881க்கு முன்னால் பன்னிரண்டு நூற்றாண்டுகளாக இந்த ஆயத்தை ஓதிய முஸ்லிம்களுக்கு ஈமான் குறைவாகவா இருந்தது?

நல்லெண்ணத்தோடு செய்கிறோம், தஃவா செய்கிறோம் என்பார்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யன் ஆவதற்குப் போதும் என்ற கருத்துள்ள ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ‘நல்ல நோக்கத்தோடு சொன்னால் தவிர’ என்ற விதிவிலக்கு அதில் இல்லை. நமக்கு அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாம், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்ற ஸூரத்து பனீ இஸ்ராயீலின் எச்சரிக்கை, தெருவில் புறம் பேசுபவனுக்கு மட்டும் இறங்கியதன்று. மிம்பரில் நிற்பவனுக்கும் சேர்த்தே இறங்கியது. வழக்கு நியாயமானது என்பதற்காகப் பொய்ச் சாட்சி கொண்டு வருபவனை எந்தக் காழி ஏற்பார்?

இதே தராசை நம் ஊர்ப் பக்கத்து விஷயங்களிலும் பிடிக்கத்தான் வேண்டும். இராமேசுவரத்தில் ஹாபில், காபில் தர்கா இருக்கிறது. ஆதம் (அலை) அவர்களின் இரு மைந்தர்களுடைய அடக்கத்தலம் என்று சொல்லப்படும் நீண்ட இரு கப்ருகளை மக்கள் ஸியாரத் செய்து வருகிறார்கள். ஸூரத்துல் மாயிதாவில் அவ்விருவரின் வரலாறு வருகிறது. காகம் வந்து மண்ணைக் கிளறிக் காட்டியதும் வருகிறது. ஆனால் ‘ஆதமுடைய இரு மைந்தர்கள்’ என்பதற்கு மேல் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஹாபில், காபில் என்னும் பெயர்கள் முந்திய வேதத்தாரின் வழியாக வந்தவை. அங்கே அவர்கள் ஹேபேலும் காயீனும். டமாஸ்கஸுக்கு மேலுள்ள காஸியூன் மலையில் கொலை நடந்த இடம் என்று ஒரு குகையைக் காட்டுகிறார்கள். அந்நகருக்கு மேற்கே ஹாபிலின் கப்ரு என்று ஒன்றும் உண்டு. சிரியாக்காரர்களுக்கு அவர்கள் மலை, நமக்கு நம் கடற்கரை. இலங்கையின் பாவா ஆதம் மலை விஷயமும் இத்தகையதே. இப்னு பதூதா 1344ல் அதன் உச்சி ஏறிப் பாதச்சுவட்டைப் பார்த்தார். பௌத்தர்கள் அதை புத்தரின் பாதம் என்கிறார்கள், இந்துக்கள் சிவனொளிபாதம் என்கிறார்கள். ஆதம் (அலை) அவர்கள் எந்த நிலத்தில் இறங்கினார்கள் என்று குர்ஆன் கூறவில்லை.

இராமேசுவரத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கப்ருகளைக் கண்டால் மௌத்தை நினைக்கலாம். அண்ணன் தம்பியைக் கொன்ற கதையை நினைத்து, பாகப்பிரிவினைக்காகப் பேச்சு வார்த்தையற்றுக் கிடக்கும் சகோதரர்கள் திருந்தலாம். ‘இவ்வாறு நம் முன்னோர் சொல்லி வருகிறார்கள்’ என்று சொல்லுங்கள். ‘இவர்களேதான் என்று குர்ஆனில் இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள தூரம் அமானிதத்துக்கும் கியானத்துக்கும் உள்ள தூரம்.

துல்கிப்லு (அலை) அவர்கள் கபிலவஸ்துவின் புத்தரே என்று சில அறிஞர்கள் எழுதியதைச் சமய ஒற்றுமை மேடைகளில் எடுத்துச் சொல்வதுண்டு. அரபியில் ‘ப’ ஒலி ‘ஃப’ ஆகும், கபில் என்பது கிப்ல் ஆனது என்பது அதன் அடிப்படை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இராக்கில் ஹில்லாவுக்கு அருகே கிப்ல் என்ற பெயரிலேயே ஓர் ஊரும் அதில் ஹிஸ்கீல் நபிக்குரியதாக யூதரும் முஸ்லிம்களும் போற்றிய அடக்கத்தலமும் உண்டு. ஓசை ஒற்றுமையை நம்பிப் புறப்பட்டால் எந்த ஊருக்கும் போய்ச் சேரலாம்.

சரித்திரம் குர்ஆனுக்கு உதவாது என்பதும் சரியன்று. யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில் எகிப்து அரசனை ‘மலிக்’ என்றே குர்ஆன் அழைக்கிறது. மூஸா (அலை) வரலாற்றில்தான் ‘பிர்அவ்ன்’ வருகிறது. ‘பெரிய வீடு’ என்ற பொருளுடைய அந்தச் சொல் அரசனையே குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான் என்பதை எகிப்தியக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். யூஸுப் (அலை) அவர்களின் காலம் அதற்கு முந்தியது என்ற பொதுக் கணக்கோடு இது இசைகிறது. இங்கே யார் தலையிலும் நாம் பெயர் சூட்டவில்லை. குர்ஆனின் சொல்லையும் கல்வெட்டின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், அவ்வளவே.

குகைவாசிகளைப் பற்றி அதே கஹ்பு ஸூராவின் இருபத்திரண்டாம் ஆயத்து, மூவர் நாலாவது நாய் என்பாரையும், ஐவர் ஆறாவது நாய் என்பாரையும், எழுவர் எட்டாவது நாய் என்பாரையும் வரிசையாகச் சொல்கிறது. பிறகு எண்ணிக்கையை இறைவனே நன்கறிவான் என்று கூறி, இவர்களிடம் தர்க்கம் வேண்டாம், யாரிடமும் விளக்கம் கேட்கவும் வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்களுக்கே கட்டளையிடுகிறது. பிறருடைய கருத்துகளை ஒளிக்காமல் எடுத்துச் சொல்வது, முதல் இரண்டும் இருட்டில் எறிந்த கல் என்று சுட்டுவது, தெரியாத எல்லையில் நிறுத்திக் கொள்வது என்று ஆராய்ச்சியின் முழு ஒழுக்கமும் அந்த ஓர் ஆயத்தில் இருக்கிறது. அந்த நாயின் நிறம், நூஹ் (அலை) அவர்களுடைய கப்பலின் அளவு, களிர் (அலை) கொன்ற சிறுவனின் பெயர் ஆகியவற்றில் காலம் கழிப்பதை இப்னு தைமிய்யா அவர்கள் தம் தப்ஸீர் முன்னுரையில் கண்டித்திருப்பதும் இந்த ஆயத்தின் பாடத்திலிருந்துதான்.

ஆகவே கஹ்பு ஓதி முடித்த வெள்ளிக்கிழமையில் பிள்ளை ‘துல்கர்னைன் யார் அத்தா?’ என்று கேட்டால், முதலில் குர்ஆன் சொன்னதைச் சொல்லுங்கள். அல்லாஹ் அவருக்குப் பூமியில் ஆதிக்கம் கொடுத்தான். இரண்டு மலைகளுக்கு நடுவில் வாழ்ந்த எளிய மக்கள், யஃஜூஜ் மஃஜூஜின் தொல்லையிலிருந்து காத்தால் வரி கட்டுகிறோம் என்றார்கள். என் ரப்பு எனக்குத் தந்தது போதும், உங்கள் காசு வேண்டாம், உடலுழைப்பைக் கொடுங்கள் என்று அவர் இரும்புப் பாளங்களைக் கேட்டு வாங்கி, ஊதுலை மூட்டி, செம்பை உருக்கி ஊற்றித் தடுப்பைக் கட்டினார். கட்டி முடித்த பின் இது என் திறமை என்று சொல்லவில்லை. என் ரப்பின் ரஹ்மத் என்றார். அவருடைய இயற்பெயரை அல்லாஹ் நமக்குச் சொல்லவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு, ராஸி இன்னாராக இருக்கலாம் என்று எண்ணினார்கள், ஆஸாத் இன்னாராக இருக்கலாம் என்று எண்ணினார்கள், ஒவ்வொன்றிலும் இன்ன சிக்கல் இருக்கிறது என்று விவரிக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது புரியும்.